சங்கத்து வானுக்கு எஞ்சின் வேலை

ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆள் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் உங்களைப் பார்ப்பார். பிறகு எஞ்சினைப் பார்ப்பார். அதற்குப் பிறகு, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஏன் காணும் உந்த வேலை?" என்பார். தொழில் செய்த காலம் முழுவதும் இந்தச் சங்கையும் ஆண்டியையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போய்விட்டது. உடைந்த எஞ்சினைத் திருத்துவது ஒரு வேலையே இல்லை. உடையாத எஞ்சினைத் திருத்தச் சம்மதம் வாங்குவதுதான் வேலை.

முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்று நின்றுகொண்டதால், மருதனார்மடத்தில் இருந்த என் கராஜை மருமகன் சிவநேசனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். அவன் ஒரு ஸ்கானர் வாங்கியிருக்கிறான். வயரைக் காரில் செருகினால் எங்கே என்ன பிழை என்று திரையில் வருகிறது. நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டேன். என் காலத்தில் அது இருந்திருந்தால் இந்த முழங்கால்கள் இன்னும் கொஞ்ச நாள் மடங்கியிருக்கும். போன மாதம் அவன் வந்து, "மாமா, எஞ்சினுக்கு வருத்தம், பிழை வந்த பிறகுதான் இது சொல்லுது. வர முன்னமே கழட்டவேணுமோ, விடவேணுமோ எண்டு நீங்கள் என்னெண்டு முடிவெடுத்தனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்," என்று கேட்டான்.

"அவர் அதை எழுதி முடிக்கேக்கை நீங்களும் ரிட்டையர் ஆகிடுவியள், தம்பி," என்றாள் குசினிக்குள் இருந்து என் மனைவி.

அந்த ரோசத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பழகியது ஒரு பஸ் டிப்போவில். முதல் இரண்டு வருடமும் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ற்றும் கழுவியதுதான் என் வேலை. கை வெடித்தது, அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது எங்கள் போர்மன் செபமாலையரைப் பற்றி. அவர் மனிதர்களை 'டேய்' என்றும் எஞ்சின்களை 'நீங்கள்' என்றும் கூப்பிடுகிறவர். டிப்போ மனேச்சரை மட்டும் வாயால் 'சேர்' என்பார். முகத்தில் 'டேய்' இருக்கும்.

காலையில் பஸ்கள் வெளிக்கிட முன்னம் ஒவ்வொன்றாக ஸ்ராட் பண்ணச் சொல்வார். தன்னுடைய நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து கண்ணை மூடுவார். "என்ன செய்யுது? எங்கை நோகுது? வெக்கப்படாமல் சொல்லுங்கோ," என்று எஞ்சினைக் கேட்பார். பிறகு ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்து, மூச்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பார்ப்பார். ஒரு சொட்டு ஒயிலைப் பழைய பேப்பரில் விட்டு, அது பரவுகிற வளையத்தைப் பார்ப்பார். பின்னால் போய், புகை நீலமா கறுப்பா வெள்ளையா என்று பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பிறகும் வாய் திறக்க மாட்டார். பால் விடாத பிளேன்ரீ வர வேண்டும், அது ஆற வேண்டும், குடித்து முடிய வேண்டும். அதுவரை பஸ்ஸும் நிற்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனமும் நிற்கும், மனேச்சரும் நிற்பார்.

எப்போது உடையும் என்ற கேள்வியை மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. "அது உன்ரை பிள்ளையாருக்கும் தெரியாது, என்ரை மாதாவுக்கும் தெரியாது, எனக்கு என்னெண்டு தெரியும்?" என்று பாய்வார். அவர் கேட்பது வேறு. "உடைஞ்சால் எங்கை நிக்கும்? அப்ப உள்ளுக்கை ஆர் இருப்பினம்? அவையாலை இறங்கி நடக்க ஏலுமோ?" இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஏலாது' என்பது பதிலானால், எஞ்சின் பாடிக்கொண்டு ஓடினாலும் கழற்றுவார்.

ஒருமுறை பருத்தித்துறைப் பக்கம் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைகளை ஏற்றுகிற பஸ் ஒன்றை அப்படித்தான் கழற்றினார். அடிப் பேரிங் எல்லாவற்றையும் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தால், கல்யாண வீட்டு மோதிரம்போல ஒவ்வொன்றும் மினுங்குகிறது. மனேச்சர் ஓடி வந்தார். "என்ன போர்மன், ஒரு பிழையும் இல்லையாமே?"

"ஓம் சேர், ஒரு பிழையும் இல்லை. நேற்று அது எங்களுக்குத் தெரியாது. இண்டைக்குத் தெரியும்."

ஏசுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் மனேச்சர் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று சிரித்தது போர்மனுக்குக் கேட்டுவிட்டது. "டேய், அங்கை என்ன பல்லு? போய் மண்ணெண்ணெய்க்கை கையை வையுங்கோடா," என்று ஒரு சத்தம் போட்டார்.

நடுவில் யுத்தத்தால் பெற்றோல் வராத காலம் வந்தது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். அதைப் பற்றி ஊரில் பேனை பிடிக்கத் தெரிந்த எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். டிப்போவை விட்டு வந்து கராஜ் போட்டபோது செபமாலையரின் மூன்று கேள்விகளையும் கொண்டுவந்தேன். ஆனால் டிப்போவில் முடிவெடுக்க ஒரு போர்மன் இருந்தார். வெளியில் முடிவெடுப்பது குடும்பம். அரியாலையிலிருந்து ஒருவர் தன் வானோடு வந்து நின்றார். எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கிற ஹெட் காஸ்கட் கசியத் தொடங்குகிறது, இப்போதே மாற்றிவிடுவது நல்லது என்றேன். உடனே போனைத் தூக்கி சுவிஸில் இருக்கிற அண்ணையைக் கூப்பிட்டார். சுவிஸ்காரர் லண்டனில் இருக்கிற தம்பியைச் சேர்த்தார். லண்டன்காரர் கனடாவில் இருக்கிற தங்கச்சியைச் சேர்த்தார். மூன்று நாட்டு ஆட்களும் போன் திரைக்குள்ளிருந்து எஞ்சினை எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கனடாத் தங்கச்சி, "அண்ணை, அந்த மெக்கானிக் ஐயா நல்லா இளைச்சுப் போனார் போலை," என்றாள். எஞ்சினைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எடுத்த ஒரே முடிவு அதுதான். வான் பிறகு வவுனியா வெயிலில் நின்றதாகக் கேள்வி.

இனி, சங்கத்து வானுக்கு வருகிறேன்.

நீர்வேலிப் பக்கம் ஒரு மரண உதவிச் சங்கம். அதற்குச் சொந்தமாக ஒரு வான் இருந்தது. செத்தவர்களைச் சுடலைக்குக் கொண்டுபோகிற வான்தான், ஆனால் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், 'சங்கத்து வான்' என்றுதான் சொல்வார்கள். முன்பு கொழும்புக்கு ஆட்களை ஏற்றி ஓடின வான். அந்தக் காலத்திலேயே அதன் மைல் மீற்றர் ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, களைத்து நின்றுவிட்டது. சங்கம் வாங்கிப் பின்சீற்றுகளைக் கழற்றி, பெட்டி வைக்க நடுவில் ஒரு மேடை, சொந்தக்காரர் இருக்கப் பக்கத்தில் ஒரு வாங்கு, சுற்றிவரக் கண்ணாடி, மேலே ஒரு சின்ன மின்விசிறி எல்லாம் போட்டிருந்தது. வானின் சாரதி குணம் ஒருநாள் அதைக் கராஜுக்குக் கொண்டுவந்தான்.

"அண்ணை, சுடலைக்குக் கிட்டப் போகேக்கை சூட்டு ஊசி ஏறுது. என்னெண்டு பாருங்கோ."

பார்த்தேன். இந்த வகை வானில் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருக்கும். சீற்றைத் தூக்கி, செபமாலையர் செய்த எல்லாவற்றையும் செய்தேன், பிளேன்ரீ உட்பட. மூச்சுப் பரவாயில்லை. ஆனால் ரேடியேற்றர் தண்ணீரில் ஒயில் மினுக்கம். தண்ணீர்ப் பம்ப் முனகுகிறது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஓடுகிற எஞ்சினில் அந்த ரப்பர்ப் பட்டி அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் ஒன்றோடொன்று முட்டி, உள்ளே எல்லாம் சின்னாபின்னமாகிவிடும். அதோடு இந்த வான் ஓடுவது நடை வேகத்தில். பின்னால் சனம் நடந்து வரும், ரேடியேற்றருக்குக் காற்று வராது, உச்சி வெயில் வேறு. கொழும்புக்கு ஓடியபோது படாத பாட்டை அது சுடலைக்குப் போய்ப் பட்டுக்கொண்டிருந்தது.

மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். எங்கே நிற்கும்? நடுறோட்டில். உள்ளே யார் இருப்பார்? உங்களுக்குத் தெரியும். இறங்கி நடக்க ஏலுமா?

சங்கக் கூட்டத்தில் வந்து விளக்கம் சொல்லச் சொன்னார்கள், போனேன். தலைவர் இராசரத்தினம் மாஸ்ரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொருளாளர் கந்தையா அண்ணை, வாழைத்தோட்டக்காரர். இரண்டு பேருக்கும் எண்பதுக்குக் கிட்ட வயது. பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில் நட்ட கதியால் தடிகள் மாரிக்கு மாரி மாஸ்ரரின் பக்கம் நகர்வதாக மாஸ்ரர் சொல்வார், கதியாலுக்குக் கால் இல்லை என்று கந்தையா அண்ணை சொல்வார். வானை வாங்க முன்னமே தொடங்கிய சண்டை அது.

நான் விளக்கி முடித்தேன். ஒருவரும் சங்கையும் ஆண்டியையும் இழுக்கவில்லை. எனக்கே அதிசயமாக இருந்தது. "நியாயமான கதை," என்றார்கள். "செய்யத்தான் வேணும்," என்றார்கள். "அப்ப ஆர் முன்மொழியிறது?" என்று மாஸ்ரர் கேட்டார். கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது.

பிறகுதான் குணம் எனக்கு விளங்கப்படுத்தினான். முன்பு வானுக்குப் பெயின்ற் அடிக்கத் தீர்மானம் முன்மொழிந்த தலைவர், பெயின்ற் காய்ந்த கிழமையே அதில் போனாராம். ரயர் மாற்ற முன்மொழிந்த பழைய செயலாளர், புது ரயரில் முதல் ஆளாகப் போனாராம். செயலாளருக்கு அப்போது தொண்ணூறு வயது என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வானை யார் ஆயத்தப்படுத்துகிறாரோ அவரைத்தான் அது முதலில் ஏற்றும் என்று முடிவாகிவிட்டது. எங்கள் சனம் வேறெதற்கென்றாலும் பூக்கட்டிப் பார்த்து முடிவெடுக்கும். தீட்டுப் பட்ட இந்தத் துடக்கு வானுக்காக எந்தக் கோயிலில் போய்ப் பூக்கட்டுவது?

ஆக, மாஸ்ரர் கந்தையா அண்ணையைப் பார்த்தார். கந்தையா அண்ணை மாஸ்ரரைப் பார்த்தார். ஒருவர் மற்றவரை முதலில் அனுப்பிவிடலாம் என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "ஒரு ரப்பர்ப் பட்டிக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்டேன். "நீர் இந்தச் சங்கத்திலை மெம்பர் இல்லைத்தானே, அதுதான் கதைக்கிறீர்," என்றார் கந்தையா அண்ணை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது.

முடிவை எடுத்தது எஞ்சின். ஒரு செத்தவீடு, சரியான வெயில். வான் சந்தியில் கொதித்துப்போய் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. செத்தவரின் மக்கள் கடையில் தண்ணீர் கேட்டு வாளி வாளியாக ஓடினார்கள். கூட்டத்தில் நின்ற ஒரு கிழவர், "ஆளுக்குப் போக மனமில்லைப் போலை," என்று சொல்ல, அழுதுகொண்டிருந்த மகள்மார் இன்னும் உரத்து அழுதார்களாம். ஒருமாதிரி உருட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அன்று பின்னேரமே அவசரக் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். கந்தையா அண்ணை எழும்பி, "தலைவர் எண்டு கதிரையிலை இருக்கிறவர் முன்மொழிஞ்சிருந்தால் இண்டைக்கு இந்த மானம் போயிருக்காது. என்ன மாஸ்ரர், பயமோ?" என்றார்.

மாஸ்ரருக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "ஆருக்குக் காணும் பயம்? எழுதும் செயலாளர். எஞ்சின் வேலையை முன்மொழிஞ்சது இராசரத்தினம்." கந்தையா அண்ணை சிரித்துக்கொண்டே உட்காரப் போனார். "நில்லும்," என்றார் மாஸ்ரர். "வழிமொழிய ஆள் வேணும். பயமில்லாத ஆள்தான் வேணும். எழுதும் செயலாளர், வழிமொழிஞ்சது பொருளாளர் கந்தையா."

சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, கந்தையா அண்ணை கதிரையில் இறங்கினார்.

வேலையை நான் ஆறுதலாகச் செய்தேன். ஹெட்டைக் கழற்றி, முகம் சமமாக இருக்கிறதா என்று இரும்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காஸ்கட் புதிது. தண்ணீர்ப் பம்ப் புதிது. ரேடியேற்றரைக் கழுவியபோது கொழும்புக் காலத்துச் சேறெல்லாம் வந்தது. தெர்மோஸ்ரற்றை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, வாய் திறக்கிறதா என்று பார்த்தேன், அது கல்லுப்போலக் கிடந்தது, அதையும் மாற்றினேன். கடைசியாக ரைமிங் பெல்ற். மடக்கிப் பார்த்தபோது பல்லுக்குப் பல்லு வெடிப்பு. மாஸ்ரர் தினமும் சைக்கிளில் வந்து கராஜ் வாங்கில் இருந்து பார்ப்பார். பகிடியாகக் கதைப்பார், ஆனால் கண் எஞ்சினிலேயே இருக்கும். பழைய பெல்ற்றைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"உது இன்னும் ஓடியிருக்குமோ, நடேசன்?"

"ஓடியிருக்கும், மாஸ்ரர்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் இப்ப மாத்திறன்?"

அவர் பெல்ற்றை இன்னொருதரம் மடக்கிப் பார்த்தார். பிறகு, "என்னையும் ஆரும் இப்பிடி மடக்கிப் பாத்தால் வெடிப்புத்தான் தெரியும்," என்றார். எனக்கு அப்போது அந்த மனிதரில் பாவமாக இருந்தது. சும்மா பகிடிக்கு வந்து போகவில்லை அவர். உண்மையாகவே தன் நாளை எண்ணிக்கொண்டுதான் அந்த வாங்கில் இருந்தார்.

வேலை முடிந்தது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா வெறும் வானை வேகமாக ஓட்டிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அதன் வருத்தமே பாரத்தோடு, உச்சி வெயிலில், நடை வேகத்தில் போவதுதானே. அதே மாதிரி ஓட்ட வேண்டும். பாரத்துக்கு என்ன செய்வது? கந்தையா அண்ணையிடம் வாழைக்குலை கேட்டேன். "அதுக்கை ஏத்தின குலையைப் பேந்து சந்தையிலை ஆர் வாங்குவான்? நான்தான் இருந்து தின்னவேணும்," என்று போனை வைத்துவிட்டார். சீமெந்துக் கடைக்காரரைக் கேட்டேன். "அந்தச் சீமெந்திலை ஆர் ஐயா வீடு கட்டுவான்?" என்றார். கராஜில் கிடந்த பழைய கியர்பொக்ஸ்களை ஏற்றலாம் என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் மாஸ்ரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறைய விபூதி. "கியர்பொக்ஸோடை நானும் ஏறுறன்," என்றார்.

"மாஸ்ரர், உங்களுக்கென்ன விசரே?"

"இல்லைத் தம்பி, கணக்குப் பாத்திட்டன். முன்மொழிஞ்சவன்தான் முதல் ஏறவேணும், அதுதானே விதி? உயிரோடை இறங்கக்கூடாது எண்டு விதியிலை ஒரு இடத்திலையும் இல்லை. நான் இப்ப ஏறுறன், நீர்வேலியிலை இறங்குறன். பேந்து ஆர் ஏறினாலும் அது ரெண்டாவது ஆள்."

கணக்கு வாத்தியாரோடு வாதாட முடியுமா? ஏற்றினேன். அவர் வாங்கில் இருந்தார். நான் முன்சீற்றில் இருந்து எஞ்சின் மூடியில் ஸ்குரூ ட்ரைவரை ஊன்றினேன். "குணம், நடை வேகம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆரோடையும் கதையாதை. ஊசியை மட்டும் பார்," என்றேன். மருதனார்மடத்திலிருந்து உரும்பிராய் ஊடாக நீர்வேலிக்கு வெளிக்கிட்டோம்.

பின்னால் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. காதை ஸ்குரூ ட்ரைவரில் வைத்துக் கண்ணை மூடினால் எனக்கு உலகம் அவ்வளவுதான். பம்ப் முனகவில்லை. பெல்ற் பட்டுப்போல ஓடியது. மாஸ்ரருக்கோ வெயில், மேலே மின்விசிறிக் காற்று, பல நாளாக நித்திரையில்லாத உடம்பு. வாங்கிலிருந்து மெல்ல மேடைக்கு மாறி, கால் நீட்டி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

றோட்டில் நிற்கிற சனத்துக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சங்கத்து வான் நடை வேகத்தில் வருகிறது. கண்ணாடிக்குள் மாஸ்ரர், விபூதியோடு, கண் மூடி. முன்சீற்றில் மெக்கானிக் நடேசன் தலையைக் குனிந்து விம்முகிறான். கேட்டால் சாரதி வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறான். வேறென்ன வேண்டும்? கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். வழியில் இருந்த கோயிலில் பூசையை நிறுத்தித் திரையை இழுத்தார்களாம். படித்த பிள்ளைகள், பழகின ஆட்கள் என்று ஒவ்வொருவராகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள். நாங்கள் உரும்பிராயைத் தாண்ட முன்னமே, பூமாலை போட்ட மாஸ்ரரின் படம் 'கண்ணீர் அஞ்சலி' என்று போன் வழியாகக் கனடா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீர்வேலியில் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் வான் நின்றது. ஊசி நடுவில், அசையவில்லை. சந்தோசத்தோடு தலையை நிமிர்த்திப் பார்த்தால், கண்ணாடியில் பின்னால் ஒரு ஊர்வலம்! "குணம், உது என்னடா?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே கதையாதை எண்டனீங்கள்!" என்றான்.

அதற்குள் கந்தையா அண்ணை தோளில் துண்டு நழுவ ஓடி வந்து கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தார். "இராசரத்தினம்! ஏறின கையோடை போயிட்டீரே காணும்! என்ரை அம்மாளாச்சி, நான்தான் பயமோ எண்டு கேட்டு இந்த மனுசனை உசுப்பினனான். இனி நான் ஆரோடை காணும் சண்டை பிடிக்கிறது?" அவர் நடிக்கவில்லை. துண்டு நிலத்தில் விழுந்தது, அதை எடுக்காமல் இன்னும் கண்ணாடியில் அடித்தார். "ஐசே, அந்த வேலி... உம்மடை பக்கம் அரை முழம் தள்ளிப் போட்டது நான்தான். மன்னிச்சுக்கொள்ளும்!"

கண்ணாடிக்குள்ளிருந்து, கண் திறக்காமலே பதில் வந்தது.

"அரை முழமில்லை. ஒண்டரை."

கந்தையா அண்ணை நின்ற இடத்திலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். ஊர்வலம் சிதறியது. வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தவர்களும் உண்டு. மாஸ்ரர் எழும்பி, வேட்டியைச் சரிசெய்து, பின்கதவால் இறங்கினார். அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. கனடாவிலிருந்து மகள்.

"ஆர் கதைக்கிறது? அப்பாவை எப்ப எடுக்கப்போயினம்?" அழுகுரல் எங்களுக்கும் கேட்டது.

"அப்பாதான் கதைக்கிறன், பிள்ளை. எடுத்தும் போட்டினம், இறங்கியும் வந்திட்டன். நீ படு."

சோடா குடித்த பிறகுதான் கந்தையா அண்ணைக்கு மூச்சு வந்தது. மாஸ்ரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. திடீரென்று எழும்பிப் போய்ப் பின்கதவால் ஏறி மேடையில் இருந்துகொண்டார். "குணம், உந்த வளைவு மட்டும் ஒருக்கா ஓட்டு. வழிமொழிஞ்சவன் நான். எனக்கும் இறங்கிக் காட்டவேணும்."

மாஸ்ரரும் பின்னாலேயே ஏறினார். "தனிய விடேலாது உம்மை. தள்ளி இரும், இது என்ரை பக்கம்."

"இதுக்கையும் எல்லையோ காணும்?"

அவர்கள் போய்த் திரும்பி இறங்கினதைக் கண்டதும் செயலாளர் ஏறினார், தீர்மானத்தை எழுதினவர் அவர்தானே. அவருக்குப் பிறகு நிர்வாகசபை முழுவதும் ஏறியது. வாழைத்தோட்டத்துக்குள் நின்றவர்கள் வந்து, "நாங்களும் சங்கத்துக்குச் சந்தா கட்டுறனாங்கள்தானே," என்று வரிசையில் நின்றார்கள். எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. பாரம் கூடக் கூட எஞ்சினுக்கு நல்ல சோதனை. எல்லோரும் ஏறினார்கள், எல்லோரும் தங்கள் காலால் இறங்கி, ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஊசி நடுவிலேயே நின்றது. அந்த வான் அதற்குப் பிறகு ஒருநாளும் நடுறோட்டில் நின்றதில்லை.

கடைசியில் நானும் குணமும் இரண்டு கிழவர்களும்தான் மிஞ்சினோம். நான் ஸ்குரூ ட்ரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நடேசன், நீர் ஏறேல்லையே?" என்றார் மாஸ்ரர்.

"நான்தானே முதலிலையிருந்து முன்னுக்கு இருந்தனான்."

"முன்னுக்கு இருக்கிறது கணக்கில்லை. நாங்கள் எழுத்திலைதான் முன்மொழிஞ்சது. எஞ்சினைத் திறக்கவேணும் எண்டு முதல் வாயெடுத்தது நீர்தானே?"

ஒரு ரப்பர்ப் பட்டிக்கு ஏன் பயம் என்று சபையில் கேட்டுச் சிரித்தவன் நான். இப்போது வேறு யாருக்கும் இல்லை, உண்மையாகவே எனக்குத்தான் பயமாக இருந்தது. குணத்தின் கையில் ஸ்குரூ ட்ரைவரைக் கொடுத்தேன். பின்கதவைத் திறந்து ஏறி, மேடையில் இருந்தேன். "உந்த வளைவு மட்டும் போதும், கெதியா ஓட்டு," என்றேன். திரும்பி வந்ததும் வலது காலை முன்வைத்து இறங்கினேன்.